உங்கள் ஊரில் ஒரு சைக்கிள் திருத்தும் நாள் நடத்துவது எப்படி

2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று இலங்கையில் அறிவித்தார்கள். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் வாங்கும் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர். யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கோடிக்குள் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. பாதிக்கு மேல் காற்றில்லை. ஒட்டுப் போடத் தெரிந்த இளசுகளும் குறைவு. அடுத்த தட்டுப்பாடு வருமுன் ஊரில் ஒரு சைக்கிள் திருத்தும் நாள் நடத்தி வையுங்கள்.

முதலில் ஆட்களைப் பிடியுங்கள். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் இங்கே பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் போதும். "ஐயா, திருத்தித் தாங்கோ" என்று கேட்காதீர்கள், "சொல்லித் தாங்கோ" என்று கேளுங்கள். திருத்திக் கொடுத்தால் அது இலவசக் கடை ஆகிவிடும். சைக்கிள்காரர் போனை நோண்டிக்கொண்டு நிற்பார்.

இடம், சனசமூக நிலைய முற்றம். ஞாயிறு காலை நல்லது.

சாமான் பெரிதாக இல்லை: ஸ்பனர்கள், அரத்தாள், சொலூஷன் (ரியூப் ஒட்டும் பசை), ஒட்டுப் போடப் பழைய ரியூப் துண்டுகள், ஒரு பேசின் தண்ணீர். ரயர் கழற்றப் பழைய கரண்டிக் காம்பே போதும். பம்ப் மட்டும் இரண்டு வேண்டும். நாங்கள் ஒன்றோடு தொடங்கி, பத்து மணிக்கே அதன் குழாய் கிழிந்து, வீடு வீடாக அலைந்தோம்.

சரி, ஒட்டு மேசைக்கு வருவோம். ரயரைக் கழற்றுமுன் காற்றடித்து, வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் பிழை வால்ரியூப்பில் (வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாயில்) தான், மாற்றினால் வேலை முடிந்தது. இல்லையென்றால் ரியூப்பை வெளியே எடுத்துக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைத் தேடுங்கள். துடைத்து, அந்த இடத்தை அரத்தாளால் மினுக்கம் போகும்வரை தேயுங்கள். ரியூப்பில் அந்த இடத்திலும் ஒட்டுத் துண்டிலும் சொலூஷன் பூசுங்கள். உடனே ஒட்டக் கூடாது! புதியவர்கள் எல்லோரும் பிழைவிடுவது இங்கேதான். விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு வைத்து அழுத்துங்கள். ரியூப்பைத் திரும்பப் போடுமுன் ரயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். குத்திய முள் அங்கேயே இருந்தால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறுபடி காற்றுப் போகும்.

சங்கிலிக்குத் தையல் மெஷின் எண்ணெய் சில துளி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசி பிடித்துப் பிசினாகும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் சமாளிக்காமல் புதிது போடுங்கள்.

திறந்த சொலூஷன் அடுத்த மாதத்துக்குள் இறுகிவிடும். மிச்சத்தை அன்றைக்கே பிள்ளைகளிடம் கொடுத்துப் பழைய ரியூப்பில் ஒட்டிப் பழக விடுங்கள். பம்ப் இரண்டும் நிலையத்திலேயே இருக்கட்டும், வாசிகசாலைப் புத்தகம் மாதிரிக் கையெழுத்து வைத்து இரவல் எடுக்கலாம்.