டாட்டூ, பியர்சிங் ஸ்டூடியோ இன்சூரன்ஸ்: கிளெய்ம் வரும்போதுதான் தெரியும் தவறுகள்

பிரீமியம் கட்ட மறப்பது, படிக்காமல் கையெழுத்துப் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் புதிதாக ஸ்டூடியோ திறக்கிறவர்கள் எல்லாவற்றையும் கவனமாகச் செய்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும்போதே மாட்டிக்கொள்கிற இடங்கள் வேறு. பழைய கடைக்காரர்கள் கைக்காசை இழந்து கற்ற அதே இடங்கள்தான் அவை.

தொழில் என்ற கட்டத்தில் ‘பியூட்டி பார்லர்’

புரபோசல் படிவத்தில் (காப்பீட்டு விண்ணப்பம்) டாட்டூவுக்குத் தனிக் கட்டம் பெரும்பாலும் இருக்காது. ஏஜென்ட் ‘பியூட்டி பார்லர்’ என்று நிரப்புவார், பிரீமியமும் குறையும். கிளெய்ம் வந்ததும் சர்வேயர் (கம்பெனிக்காக நஷ்டத்தை ஆய்வு செய்பவர்) முதலில் பார்ப்பது கடையின் பெயர்ப்பலகையும் இன்ஸ்டாகிராம் பக்கமும்தான். முக்கியமான விவரத்தை மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுக்க அது போதும். ‘நிரந்தர டாட்டூ, காது, மூக்கு, உடல் பியர்சிங்’ என்று நீங்களே எழுதுங்கள். லேசரில் டாட்டூ நீக்குவது, மைக்ரோபிளேடிங் (புருவத்தில் நிறம் ஏற்றுவது) இரண்டும் உண்டென்றால் அவற்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். அதே சொற்கள் பாலிசி ஷெட்யூலில் (உங்கள் காப்பின் விவரம் அச்சிட்ட பக்கம்) வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பப்ளிக் லயபிலிட்டி இருந்தால் போதும் என்ற நினைப்பு

பப்ளிக் லயபிலிட்டி என்பது கடைக்கு வருபவருக்கு நேரும் விபத்துக்கான பொறுப்புக் காப்பீடு. ஈரத் தரையில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் அது உதவும். ஊசி வேலையால் வரும் தொற்று, ஒவ்வாமை, தழும்பு எல்லாம் தொழில்முறைச் சேவையால் வந்த பாதிப்பு என்ற பெயரில் விலக்குப் பட்டியலில் இருக்கக்கூடும். அதற்கு புரொஃபஷனல் லயபிலிட்டி (செய்த வேலையால் வரும் பாதிப்புக்கான காப்பீடு) தேவை. நீங்கள் விற்கும் நகைக்கும் ஆஃப்டர்கேர் களிம்புக்கும் பிராடக்ட் லயபிலிட்டி (விற்ற பொருளால் வரும் பாதிப்புக்கான காப்பீடு) தேவை. கோவிட்டுக்குப் பிறகு பல பாலிசிகளில் தொற்றுநோய் விலக்கு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஊசி வழியாகப் பரவும் ஹெபடைட்டிஸ் பி, சி அதில் அடங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வக்கீல் செலவு காப்பீட்டுத் தொகைக்கு உள்ளேயா, வெளியேயா என்பதையும் அதிலேயே கேளுங்கள். உள்ளே என்றால், 10 லட்சம் பாலிசியில் வழக்குச் செலவு 3 லட்சம் போக இழப்பீட்டுக்கு 7 லட்சம்தான் மிஞ்சும்.

ரெட்ரோஆக்டிவ் தேதியை விட்டுவிடுவது

இத்தனை பேர் மாட்டிய பிறகும் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது ஆற்றாமையாகவே இருக்கிறது. நம் நாட்டில் இந்தப் பொறுப்புக் காப்பீடுகள் பெரும்பாலும் ‘கிளெய்ம்ஸ் மேட்’ முறையில் வருகின்றன. வேலை செய்த நாளில் பாலிசி இருந்தால் மட்டும் போதாது. வாடிக்கையாளர் இழப்பீடு கேட்கும் நாளிலும் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். அந்த வேலை, ஷெட்யூலில் உள்ள ரெட்ரோஆக்டிவ் தேதிக்குப் (எந்த நாளிலிருந்து செய்த வேலைக்குக் காப்பு உண்டு என்று குறிக்கும் தேதி) பிறகு நடந்திருக்கவும் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டூடியோவின் பாலிசி 2024 ஜூன் 9 அன்று முடிகிறது. மே 20 அன்று ஒருவருக்கு முன்கையில் டாட்டூ போட்டார்கள். சீசன் பரபரப்பில் ரெனியூவல் தள்ளிப்போகிறது. 2,000 ரூபாய் குறைவு என்று வேறு கம்பெனியில் ஜூலை 1 முதல் புதுப் பாலிசி எடுக்கிறார்கள். அதில் ரெட்ரோஆக்டிவ் தேதியும் ஜூலை 1. செப்டம்பரில் அந்த வாடிக்கையாளருக்கு மஞ்சள் காமாலை, பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி. உடலில் புகுந்து அறிகுறி காட்ட 6 மாதம் வரை எடுத்துக்கொள்ளும் கிருமி அது. நவம்பரில் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. பழைய கம்பெனி, பாலிசி முடிந்துவிட்டது என்கிறது. புதுக் கம்பெனி, வேலை எங்கள் தேதிக்கு முந்தையது என்கிறது. சில பாலிசிகளில் முடிந்தபின் 90 நாள் வரை கிளெய்மைத் தெரிவிக்க அவகாசம் உண்டு. அது செப்டம்பர் 7 அன்றே தீர்ந்துவிட்டது. போதாததற்கு, அதே காரியத்துக்கு வேறு பாலிசி நடப்பில் இருந்தால் அந்த அவகாசமே பொருந்தாது என்பது வழக்கமான நிபந்தனை. இரண்டு கம்பெனிக்கும் பிரீமியம் கட்டியும் ஒரு ரூபாய் வராது.

இந்த அபாயம் சில மாதங்களில் ஓய்ந்துவிடுவதும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவு புகார் கொடுக்க 2 ஆண்டு தருகிறது. இன்று வைக்கிற ஊசிக்கு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் காப்பு தேவை என்பதை மனதில் வைத்து ரெனியூ செய்யுங்கள்.

ரெனியூவல் தேதிக்கு 30 நாள் முன்பே விலை கேளுங்கள். கம்பெனி மாற்றினால் பழைய பாலிசி நகல்கள் எல்லாவற்றையும் கொடுத்து, முதல் பாலிசியின் ரெட்ரோஆக்டிவ் தேதியையே புது ஷெட்யூலில் அச்சிடச் சொல்லுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது செல்லாது. பணம் பழைய பாலிசி முடியும் முன்பே கம்பெனி கணக்குக்குப் போய்ச் சேர வேண்டும். பிரீமியம் வராமல் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது என்பது 1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு. ஹெல்த் பாலிசி மாதிரி கிரேஸ் நாட்களை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

யாராவது வீக்கம், சீழ் என்று படம் அனுப்பினால், அவர் இழப்பீடு கேட்காவிட்டாலும் அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சல் போடுங்கள். வேலை நடந்த தேதி, என்ன வேலை, எந்த ஆர்ட்டிஸ்ட், இப்போது என்ன சொல்கிறார் என நான்கு வரி போதும். இப்படி அறிவித்ததை ஏற்கும் பாலிசியில், கிளெய்ம் பின்னால் வந்தாலும் அந்தப் பாலிசி காலத்தில் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். கடையை மூடினாலும் பழைய வேலைக்கான காப்பை நீட்டிக்க ‘ரன் ஆஃப்’ கேட்டு வாங்குங்கள்.

“எங்க தப்புதான் அக்கா, பணத்தைத் திருப்பித் தர்றோம்”

மனிதத்தன்மையோடு எழுதுகிற இந்த வாட்ஸ்அப் வரி பாலிசி நிபந்தனையை உடைக்கும். கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தரவோ கூடாது. “உடனே தோல் டாக்டரைப் பாருங்க, ரிப்போர்ட் அனுப்புங்க, தினமும் விசாரிக்கிறேன்” என்று எழுதுங்கள். அக்கறையைக் காட்ட அது போதும்.

கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட்

சில நாள் மட்டும் வந்து வேலை செய்யும் வெளி ஆர்ட்டிஸ்ட் என்றாலும், பாலிசியில் பெயர் ஏறாதவர் ஊசியைத் தொடக் கூடாது.

கைக்குழந்தைக்குக் காதுகுத்து

தட்டாரிடம் போகாமல் ஸ்டூடியோவுக்குக் குழந்தையைத் தூக்கி வருகிறவர்கள் கூடிவருகிறார்கள். உங்கள் பாலிசி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை விலக்கியிருந்தால் அந்த வேலை முழுக்க உங்கள் சொந்தப் பொறுப்பு. குறைந்தபட்ச வயதையும், பெற்றோர் கையெழுத்து, அடையாள நகல் பற்றிய நிபந்தனையையும் கேட்டுக்கொள்ளுங்கள். 17 வயதுக் கல்லூரி மாணவர் தானே போட்ட கையெழுத்து 1872 ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது.

சாமானுக்குக் குறைத்து மதிப்புப் போடுவது

ஓரிடத்தில் 5 கோடி வரை சொத்து உள்ள கடைக்கு 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி இருக்கிறது. தீயோடு புயலும் வெள்ளமும் அடக்கம். 2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தரைத்தளக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மதிப்பு 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். அதைத் தாண்டினால் விகிதப்படி வெட்டுவார்கள். 10 லட்சம் சாமானுக்கு 6 லட்சம் போட்டிருந்தால் 3 லட்சம் நஷ்டத்துக்கு 1.8 லட்சம்தான். மெஷின், சாய்வு நாற்காலி, ஆட்டோகிளேவுக்கு (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) இன்று புதிதாக வாங்கும் விலையைப் போடுங்கள். உள் அலங்கார வேலையையும் சேருங்கள். கட்டட உரிமையாளரின் பாலிசி உங்கள் பொருளைக் காக்காது.

திருட்டு

பர்க்ளரி பாலிசி தனி. பூட்டு உடைந்த தடயம் இல்லாவிட்டால் அதுவும் உதவாது.

காகிதம் இல்லாத சுத்தம்

ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் எவ்வளவு நேரம் ஓடியது, ஸ்போர் டெஸ்ட் (ஆட்டோகிளேவ் கிருமியைக் கொல்கிறதா என்ற சோதனை) முடிவு, மையின் பேட்ச் எண், காட்ரிட்ஜின் லாட் எண், காலாவதி தேதி எல்லாம் அந்தந்த வாடிக்கையாளரின் சம்மதப் படிவத்திலேயே இருக்க வேண்டும். படிவங்களைக் குறைந்தது 3 ஆண்டு வைத்திருங்கள். 2 ஆண்டு கடந்தபின் வரும் புகாரையும் தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் நுகர்வோர் ஆணையம் ஏற்கலாம். ஆட்டோகிளேவ் பிரிண்டரின் தெர்மல் சீட்டு சில மாதங்களில் வெளுத்துவிடும், எடுத்த அன்றே படம் பிடித்துச் சேமியுங்கள்.