பறவைப் படம்: புதிதாக எடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

எனக்குப் புகைப்படம் தொழில் இல்லை. வார நாட்களில் அலுவலகம், ஞாயிறு காலையில் ஏரிக்கரை, அவ்வளவுதான். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் கொண்டுவந்து காட்டும் படங்களில் பெரும்பாலும் ஒரே கோளாறு: பறவை கலங்கலாக இருக்கும். "லென்ஸ் சரியில்லைங்க, 600 எம்எம் வாங்கணும்போல" என்பார்கள். படத்தின் விவரத்தைத் திறந்தால் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/160 நொடி என்றிருக்கும். பறவைக்கு அது ரொம்ப மெதுவு. லென்ஸ் பாவம், அது என்ன செய்யும்?

பழைய கணக்கு ஒன்று உண்டு. 300 எம்எம் லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் வேகம் 1/300-க்குக் குறையக் கூடாது. ஏபிஎஸ்-சி என்னும் சிறிய அளவு சென்சார் உள்ள கேமரா என்றால் அந்த 300-ஐ 1.5-ஆல் பெருக்க வேண்டும், கேனானில் 1.6. ஆக, 1/500 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் கை நடுக்கத்துக்கு மட்டும்தான். பறவையின் அசைவுக்குத் தனிக் கணக்கு. கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திகூடத் தலையை வெடுக்கென்று திருப்பும், அதற்கு 1/800 ஆவது வேண்டும். பறக்கும் நாரைக்கு 1/1600. விர்ரென்று பறக்கும் தைலான் குருவி போன்றவற்றுக்கு அதுவும் பத்தாது. லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பு உங்கள் கையாட்டத்தைத்தான் சரிக்கட்டும், இறக்கையடிப்பை அல்ல.

வேகத்தைக் கூட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும், அதனால் ஐ.எஸ்.ஓ.வையும் (ஒளியுணர்வு அளவை) ஏற்ற வேண்டிவரும். அங்கேதான் பலருக்குப் பயம். 400-ஐத் தாண்டாதே என்று யாராவது சொல்லிவைத்திருப்பார்கள். இன்றைய கேமராக்களில் 1600, 3200 எல்லாம் தாராளமாகப் போகலாம். படத்தில் பொரிப்பொரியாக வரும் புள்ளிகளைக் கணினியில் ஓரளவு குறைத்துவிடலாம், அசைந்து போன கண்ணை மீட்பது கஷ்டம். ஷட்டரையும் அப்பர்ச்சரையும் (லென்ஸின் ஒளித் திறப்பு) நீங்கள் வைத்துக்கொண்டு ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டுவிடுங்கள்.

அடுத்தது கொக்கு. நிழல் விழுந்த தண்ணீரில் வெள்ளைக் கொக்கு நிற்கிறது. கேமரா அந்தக் கருமையைப் பார்த்து மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கும், கொக்கு இறகின் கோடுகூடத் தெரியாமல் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 1 வரை இறக்கிப் பாருங்கள். வெளுத்த வானத்துக்கு எதிரே கம்பியில் கரிச்சான் என்றால் நேர்மாறு, பிளஸ் 1.

ஃபோகஸ் எப்போதும் கண்ணில். எல்லா ஃபோகஸ் புள்ளிகளையும் திறந்துவிட்டால் அது முன்னால் இருக்கும் கோரைப்புல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியும், பறவை நகர நகரப் பின்தொடரும் தொடர் ஃபோகஸும் வைத்துக்கொள்ளுங்கள்: நிக்கானில் ஏஎஃப்-சி, கேனானில் சர்வோ.

வேடந்தாங்கலுக்கு முதல் பயணம் போய் மனம் நொந்து திரும்புபவர்கள் நிறைய. அங்கே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூட்டமாக இருக்கும்தான், ஆனால் கூடுகட்டும் மரங்கள் கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்கு நடுவே இருக்கின்றன. அதிலும் பத்து மணிக்கு மேல் போனால் சூடேறிய காற்று நெளிந்து, எவ்வளவு விலை கொடுத்த லென்ஸிலும் படம் மசமசவென்றுதான் வரும். அதைவிட உங்கள் ஊர்க் குளத்துக் கொக்கும் தெருவோர மைனாவும் மேல். மனுஷரைப் பார்த்துப் பழகியவை, கிட்டத்தில் நிற்கும். அவற்றின் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். நின்றவாக்கில் எடுத்தால் பின்னணி முழுக்கத் தரைதான் வரும்.

அப்புறம், நான் கோபப்படும் விஷயம் ஒன்று. ஆறுமணிக்குருவி வெளியே வரவேண்டும் என்பதற்காக அதன் குரலைப் போனில் ஒலிக்க விடுகிறார்கள். எதிரி ஒருவன் தன் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டான் என்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். கூட்டைப் படமெடுக்க மறைக்கும் கிளையை ஒடிப்பது இன்னும் மோசம். குஞ்சுகள் மேல் வெயில் நேராக விழும், காக்கையும் பார்த்துவிடும். கூட்டுப் பக்கமே போகாதீர்கள். தற்செயலாக ஒரு படம் கிடைத்துவிட்டாலும் அந்த மரம் எங்கே இருக்கிறது என்பதைப் போடாதீர்கள். போட்டால் அடுத்த ஞாயிறு அங்கே வரிசையாக டிரைபாட் நிற்கும்.