வீட்டுச் சுவரிலுள்ள பழைய படத்தைக் காணொளிக் கலையாக்குவது எப்படி?

1954 ஆகஸ்ட் 11 அன்று, தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடிய தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் மீது, இன்றைய கேரளத்துக்கு முன்பிருந்த திருவிதாங்கூர்-கொச்சி அரசின் காவல்துறை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றுவிட்டன. எல்லையின் இரு பக்கத்து வீடுகளிலும் அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்றாவது இருக்கக்கூடும். அதையும் ஒரு கைப்பேசியையும் கொண்டு ஐந்து நிமிடக் காணொளி செய்வதை இங்கே விளக்குகிறேன்.

முதலில், ஆல்பம் முழுவதையும் எடுக்காமல் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். மழைக்கால ஈரத்தில் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்கவே கூடாது. முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே ஜன்னலோரம் தரையில் கிடத்தி, கைப்பேசிக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியை விரித்துப் பிடிக்க, நேர் மேலிருந்து எடுத்தால் கண்ணாடியில் நம் நிழலுருவம் விழாது. ஒட்டாத படமென்றால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் போதும்.

அடுத்தது குரல். அம்மச்சியின் (பாட்டியின்) கையில் படத்தைக் கொடுத்து, மின்விசிறியை நிறுத்தி, ஒரு சாண் தூரத்தில் கைப்பேசியை வையுங்கள். “அன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டால் மேடைப் பேச்சில் கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். “இதுல யாரெல்லாம் நிக்கியாவ?” என்று கேளுங்கள். பேச்சு முடிந்த பிறகும் ஒரு நிமிடம் பதிவை ஓடவிடுங்கள். அந்த அறையின் வெறும் ஓசை, படத்தொகுப்பில் இடைவெளிகளை நிரப்ப உதவும்.

பிறகு, படத்தின் மேல் விரல் நகர்வதையும், இன்றைய மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில் பேருந்துகள் போவதையும், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல், கைப்பேசியை முக்காலியில் (ட்ரைபாடில்) வைத்துப் பதிவு செய்யுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் துடிக்காது.

தொகுக்கும்போது குரல் சொல்வதையே காட்சியும் காட்ட வேண்டாம். தாத்தாவைப் பற்றிப் பேசும்போது சாலை ஓடட்டும். குரல் நிற்கும் இடத்தில் அவர் முகம் வரட்டும். அம்மச்சி பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கும் நொடிகளை வெட்டாதீர்கள். இணையத்தில் இறக்கிய துப்பாக்கிச் சத்தமும் வயலின் சோகமும் அறவே வேண்டாம்; அவை நம் வீட்டு இழப்பை யாரோ ஒருவரின் சினிமாக் காட்சியாக்கிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கே காட்டுகிறோம் என்பதும் படைப்பில் சேர்ந்ததுதான். கராச்சியில் 1946இல் பிறந்த இந்தியக் கலைஞர் நளினி மலானி, இந்தியா-பாகிஸ்தான் பிரிவினையைப் பற்றி 1998இல் உருவாக்கிய வீடியோ நிறுவலில் (திரைகளையும் பொருள்களையும் ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் படைப்பில்) தொலைக்காட்சித் திரைகளைத் தகரப் பெட்டிகளுக்குள் வைத்தார். உங்கள் காணொளியைப் படம் தொங்கிய சுவரின் அருகிலேயே ஒரு சிறு தொலைக்காட்சியில் ஓடவிடலாம். ஆனால் வெளியார் பார்க்குமுன் அம்மச்சிக்குப் போட்டுக் காட்டி, அவர் வேண்டாமென்று சொல்லும் பகுதியை மறுபேச்சின்றி நீக்குங்கள். காணொளிக் கோப்பை எச்.264 என்ற வீடியோ வடிவில் பென்டிரைவில் ஏற்றுங்கள், அதற்குப் பின் வந்த எச்.265 வடிவம் பழைய தொலைக்காட்சிகள் பலவற்றில் ஓடாது.