புத்தகம் வந்துவிட்டது, குழந்தை வரவில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருமுறை சிறுவர் நூலகம் ஒன்றுக்கு வந்த நன்கொடைப் பெட்டிகளைப் பிரித்து அடுக்க உதவப் போயிருந்தேன். முதல் பெட்டி முழுக்க நுழைவுத் தேர்வுக் கையேடுகள். அடுத்ததில் பழைய கணினிப் பாடநூல்கள், அட்டை போன ஓர் அகராதி, யாரோ பாதி தீட்டி விட்டுவிட்ட வண்ணப் புத்தகம். நாள் முழுக்கப் பிரித்தும், எட்டு வயதுக் குழந்தையின் கையில் கொடுக்கக்கூடியவை ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டன. அனுப்பியவர்கள் எல்லாரும் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ஆனால் பெட்டியைக் கட்டும்போது, அதைத் திறக்கப்போகிற குழந்தையை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பல பண்பாடுகளின் புத்தகங்கள் குழந்தைகளுக்குக் கிடைக்க வேண்டும், அதன் வழியே வாசிப்பு வளர வேண்டும் என்று இப்போது பலரும் முயற்சி எடுக்கிறார்கள். அங்கும் இதே மறதிதான் வேறு வேறு வேடத்தில் வருகிறது.

பண்பாட்டை அலங்காரமாக நினைப்பது

‘முதலில் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும், பண்பாடெல்லாம் அப்புறம்’ என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டும் தனித்தனி என்ற நினைப்பிலிருந்து வருகிற பேச்சு இது.

1979-இல் ஸ்டெஃபென்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியர்கள் சிலர், அமெரிக்கர்கள் சிலர் என இரு குழுவினரிடமும் இரண்டு கடிதங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று இந்தியத் திருமணத்தைப் பற்றியது, மற்றது அமெரிக்கத் திருமணத்தைப் பற்றியது. இரு குழுவினரும் தங்களுக்குப் பழக்கமான திருமணத்தைப் பற்றிய கடிதத்தை வேகமாகப் படித்தார்கள். அதிகம் நினைவிலும் வைத்திருந்தார்கள். பழக்கமில்லாததைத் திரித்துப் புரிந்துகொண்டார்கள். அமெரிக்க மணப்பெண் தன் பாட்டியின் திருமண உடையை அணிவதை அந்த ஊரில் பெருமையாக நினைப்பார்கள். அதைப் படித்த இந்தியர் ஒருவர், பாவம், உடை பழசாக, நாகரிகம் போனதாக இருந்தது என்று நினைவுகூர்ந்தாராம்.

படித்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள். எழுத்து அவர்களுக்குத் தடையே இல்லை. அப்படியிருந்தும் பக்கத்தில் எழுதாமல் விட்ட இடங்களை அவரவர் தம் தலையில் இருந்ததை வைத்து நிரப்பிக்கொண்டார்கள். எழுத்தைக் கூட்டவே திணறுகிற ஏழு வயதுக் குழந்தையை யோசித்துப் பாருங்கள். எழுத்து ஒரு சுமை, முன்பின் தெரியாத உலகம் இன்னொரு சுமை. தெரிந்த உலகத்துக் கதை என்றால் ஒரு சுமை குறைகிறது. அந்தக் குழந்தை மொத்தக் கவனத்தையும் எழுத்தில் வைக்க முடிகிறது.

விழாவும் வேதனையும் மட்டும்

ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990-இல் சொன்ன உவமை இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். புத்தகம் குழந்தைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாக இருக்கலாம், பிறரைக் காட்டும் சன்னலாக இருக்கலாம், அந்த உலகத்துக்குள் நுழைய விடும் கதவாகவும் இருக்கலாம் என்றார் அவர். கண்ணாடி எவ்வளவு அரிதாக இருந்தது என்பதற்கும் கணக்கு உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் 1985-இல் வெளியான புத்தகங்களைப் பார்த்தபோது, அமெரிக்காவில் அந்த ஆண்டு வந்த சுமார் 2,500 சிறுவர் நூல்களில் கறுப்பின எழுத்தாளர்களோ ஓவியர்களோ படைத்தவை 18 மட்டுமே. பிரிட்டனில் 2017-இல் வெளியான 9,115 சிறுவர் நூல்களில் சிறுபான்மை இனப் பாத்திரம் ஒன்றாவது வந்தவை 391. முதன்மைப் பாத்திரமாகவே வந்தவை 1 விழுக்காடுதான்.

இந்த எண்களைப் பார்த்ததும் அவசரமாக அலமாரியை நிரப்பப் போகிறவர்கள் அடுத்த குழியில் விழுகிறார்கள். ஒரு சமூகத்துக்கு ஒரு புத்தகம் என்று வாங்குகிறார்கள். எடுத்துப் பார்த்தால் அது அந்தச் சமூகத்தின் திருவிழாவைப் பற்றியதாகவோ, பழங்கதையாகவோ, அவர்கள் பட்ட கொடுமையைப் பற்றியதாகவோ இருக்கும். இவையெல்லாம் தேவைதான். ஆனால் பல் விழுந்ததும், தம்பியோடு சண்டை போட்டதும், தொலைந்த பந்தைத் தேடியதும் எப்போதும் வேறு யாரோ ஒருவரின் பிள்ளைக்கே நடந்தால், இந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்? நம்மவர்கள் ஆடுவதற்கும் அழுவதற்கும்தான் புத்தகத்தில் வருவார்கள் என்றுதானே?

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பக்கங்களைப் புரட்டி, அந்தப் பண்பாட்டைச் சேர்ந்த பாத்திரம் கதையில் என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். முடிவு எடுக்கிறதா, கேள்வி கேட்கிறதா, குறும்பு செய்கிறதா? அல்லது யாராவது வந்து காப்பாற்றும் வரை நின்றுகொண்டே இருக்கிறதா? படங்களில் கூட்டத்தின் ஓரத்தில் மட்டும் தலை காட்டுகிறதா? பிறகு எழுதியவர் யார் என்று பாருங்கள். வெளியிலிருந்து எழுதக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஒரு சமூகத்தைப் பற்றி அலமாரியில் இருப்பவை மொத்தமும் வெளியிலிருந்து எழுதியவை என்றால்தான் சிக்கல்.

‘இந்தப் புத்தகம் அவர்களுக்கு’

சிறுபான்மைக் குழந்தை அதிகம் படிக்கும் பள்ளிக்குத்தான் இந்தப் புத்தகங்கள், மற்ற பள்ளிக்கு வழக்கமானவை போதும் என்று பிரித்து அனுப்புவதையும் பார்த்திருக்கிறேன். எங்கே திரும்பினாலும் தன்னையே பார்க்கிற பெரும்பான்மைக் குழந்தைக்குத்தான் சன்னல் இன்னும் அவசரத் தேவை. இதை பிஷப்பே எழுதியிருக்கிறார். மறுபக்கம், ஒரு குழந்தையின் பெயரையோ நிறத்தையோ பார்த்து ‘உனக்கு இதுதான் பிடிக்கும்’ என்று ஒரே வகைப் புத்தகத்தை நீட்டுவதும் தவறு. அந்தக் குழந்தைக்கு அன்றைக்கு டைனோசர் வேண்டியிருக்கலாம்.

மொழியை மறந்துவிட்டுப் பண்பாட்டைப் பேசுவது

பத்துப் பண்பாடுகளைப் பற்றிய பத்துப் புத்தகங்கள், பத்தும் ஒரே மொழியில். அந்த மொழி குழந்தையின் வீட்டில் யாரும் பேசாத மொழி. இப்படி ஓர் அலமாரியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்தது என்று யுனெஸ்கோவின் அறிக்கை சொன்னது 1953-இல். காது ஏற்கெனவே அறிந்த சொல்லைத்தான் கண் எளிதாகப் பிடிக்கும். கேட்டே இராத சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாலும், சரியாகப் படித்தோமா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்?

வீட்டு மொழியில் புத்தகமே கிடைக்கவில்லை என்ற காரணம் முன்பு செல்லுபடியாகும். இப்போது அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது. பிரதம் புக்ஸ் என்ற இந்தியப் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் நூற்றுக்கணக்கான மொழிகளில் படக்கதைகள் இருக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். ஆப்பிரிக்க மொழிகளுக்கு ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக் என்ற இதே போன்ற தளம் இருக்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: மொழிபெயர்ப்பை அச்சுக்கு அனுப்பும் முன் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பேச்சு ஒரு வகை, எழுத்து ஒரு வகை என்று இருக்கிற மொழிகளில் (நம்முடையதும் அதில் ஒன்று) விறைப்பான எழுத்துநடை, குழந்தைக்குக் கிட்டத்தட்ட இன்னொரு மொழிதான்.

தேர்வைக் குழந்தையிடம் விடாதது

எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், வறுமை மிகுந்த பகுதிகளில் இருந்த 17 பள்ளிகளின் குழந்தைகளுக்கு, தொடர்ந்து 3 ஆண்டுகள், ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் 12 புத்தகங்கள் கொடுத்தார்கள். ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் தலைமையேற்ற குழு அது. 2010-இல் முடிவுகள் வெளியாயின. புத்தகம் பெற்ற குழந்தைகள், பெறாதவர்களைவிட வாசிப்புத் தேர்வில் முன்னேறியிருந்தார்கள். மிக ஏழைக் குழந்தைகளிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, புத்தகங்களைக் குழந்தைகளே கண்காட்சியில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. தங்கள் பண்பாட்டைச் சேர்ந்த கதைகளும் அங்கே இருந்தன. இருந்தும் பாப் பாடகர்கள், தொலைக்காட்சிப் பாத்திரங்கள் பற்றிய புத்தகங்கள்தான் அவர்களிடம் பறந்தன.

ஆசிரியர்களும் பெற்றோரும் இங்கேதான் முகம் சுளிப்பார்கள். சித்திரக்கதையா, விளையாட்டு வீரர் கதையா, ஏற்கெனவே நாலு தடவை படித்ததா, வை கீழே என்பார்கள். இளைஞர்களின் அன்றாட ரசனையும் பண்பாட்டில் சேர்த்திதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதே புத்தகத்தை ஐந்தாம் முறை எடுக்கிற குழந்தை சோம்பேறி இல்லை. சரளமாகப் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறது.

எண்ணிக்கையைச் சாதனையாக்குவது

இத்தனை ஆயிரம் புத்தகங்கள் வழங்கினோம் என்று அறிக்கை எழுதுவது எளிது. 27 நாடுகளின் தரவுகளை வைத்து மரியா எவான்ஸ் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வை இதற்குத் துணைக்கு இழுப்பார்கள். புத்தகம் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர்கள், புத்தகமே இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களைவிடச் சராசரியாக 3 ஆண்டுகள் அதிகம் படித்தார்கள் என்றது அது. உண்மைதான். ஆனால் அந்த வீடுகளில் புத்தகம் கைபட்ட பொருள். யாரோ படித்தார்கள், அதைப் பற்றிப் பேசினார்கள். பூட்டிய அலமாரியில் வைத்து, ‘கிழித்துவிடுவார்கள்’ என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் அந்தப் பலன் வருமா?

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. நல்ல புத்தகம் கிடைத்துவிட்டால் குழந்தை தானாகப் படித்துவிடும் என்ற நம்பிக்கை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை யாராவது முறையாகச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாத குழந்தைக்கு மிக அழகான புத்தகமும் படம் பார்க்கத்தான் உதவும். படிக்கத் தெரியாத வயதில் அதையே உரக்கப் படித்துக் காட்டுங்கள். அப்போது சேர்கிற சொற்கள் பிறகு எழுத்தாக எதிரே வரும்போது பழைய நண்பரைப் போல இருக்கும்.

படித்து முடித்ததும் ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?’ என்று கேட்கிற பழக்கத்தையும் கொஞ்சம் அடக்கலாம். வேற்றுப் பண்பாட்டுக் கதை என்றாலே பெரியவர்களுக்கு நல்லிணக்கப் பாடம் நடத்தும் ஆசை வந்துவிடுகிறது. ‘உனக்கு எந்த இடத்தில் சிரிப்பு வந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு எங்கெங்கோ போகும்.

சரி, என்ன வாங்குவது, எதை விடுவது என்று எப்படித் தெரியும்? திரும்பி வரும் புத்தகங்களைப் பாருங்கள். மூலை மடங்கி, தைத்த நூல் தளர்ந்து, நடுப்பக்கத்தில் விரல் கறையோடு வருகிறவை எவை என்று குறித்து வையுங்கள். புதிதாகவே இருப்பவற்றை ஏன் யாரும் தொடவில்லை என்று குழந்தைகளிடமே கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். கிழிந்ததை ஒட்டி வைத்துவிட்டு, அடுத்த முறை காசு கிடைக்கும்போது முதலில் அதிலேயே இன்னொரு பிரதி வாங்குங்கள்.