பழைய கொலுசில் புதுத் தொழில்: தொடங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வெள்ளியை உருக்கிப் புது நகை செய்து விற்கும் எண்ணம் நல்ல எண்ணம். பீரோவில் கறுத்துக் கிடக்கும் கொலுசு மறுபடி யாரோ ஒருவர் காலிலோ காதிலோ ஏறும். அதற்காகப் புதிதாகச் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தொழிலில் பலர் சறுக்குவது முதல் உருக்கிலேயே.

'டச்', அதாவது நூறு பங்கில் எத்தனை பங்கு வெள்ளி என்ற தர அளவு, பார்க்காமல் பழைய வெள்ளி வாங்காதீர்கள். அறுந்த கொலுசு, தேய்ந்த மெட்டி, அரைஞாண் கொடி எல்லாம் ஒரே தரமாக இருக்காது. 70 டச் கொலுசு 100 கிராம் வாங்கினால் அதில் வெள்ளி 70 கிராம்தான், மீதி பெரும்பாலும் செம்பு. அதை அப்படியே உருக்கி 925 (92.5 சதவீத வெள்ளி) என்று விற்றால் அது ஏமாற்று வேலை. சரி, சுத்த வெள்ளி சேர்த்து 92.5-க்குக் கொண்டுவரலாம் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த 100 கிராமுக்கு 300 கிராம் சுத்த வெள்ளி வேண்டும். கடைசியில் கிடைக்கும் 400 கிராமில் பழைய உலோகம் கால் பங்குதான். 'முழுக்க மறுசுழற்சி' என்று அட்டையில் அச்சடித்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு வழி, பழைய வெள்ளியிலிருந்து செம்பைப் பிரித்துச் சுத்திகரிக்கக் கொடுப்பது. எங்கே கொடுக்கிறீர்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைப் போட்டதும் பழுப்புப் புகை எழும். வெள்ளியைப் பிரித்தபின் செம்பு கரைந்த நீலத் தண்ணீர் மிஞ்சும். அந்தத் தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகிறது என்றால், உங்கள் நகையைச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எப்படிச் சொல்வீர்கள்? கூலி கொஞ்சம் கூடினாலும், புகையையும் கழிவுநீரையும் முறையாகக் கையாளும் இடத்தையே தேடுங்கள்.

நகைத் துண்டுகளை ஒட்டப் பற்றவைக்கும் பொடியைப் பற்றியும் கேளுங்கள். காட்மியம் கலந்த பொடி சீக்கிரம் உருகும் என்பதால் சில பட்டறைகளில் இன்னும் புழங்குகிறது. ஊதுகுழலோடு குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆசாரியின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது அந்தப் புகைதான். காட்மியம் இல்லாத பொடி கிடைக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காற்றோட்டமில்லாத அறையில் ஒருவரை மூச்சுத்திணற வைத்துச் செய்த நகைக்கு, மண்ணில் போட்டால் முளைக்கும் விதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி என்ன பயன்?

அப்புறம், விளம்பர வார்த்தைகள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டுதல்கள் கொண்டுவந்தது. 'பசுமை', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' போன்ற பொதுவான சொற்களை விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் போடக் கூடாது. அதனால் உருக்குக்கு உருக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: பழைய வெள்ளி எத்தனை கிராம், என்ன டச், சேர்த்தது எவ்வளவு, ராவித்தூளில் (அரம் போடும்போது உதிரும் வெள்ளித் தூளில்) திரும்பக் கிடைத்தது எவ்வளவு. வாடிக்கையாளர் கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.

விலை வைக்கும்போது செய்கூலியில் கை வைக்காதீர்கள். வடிவமைக்கும்போது கொக்கியையும் திருகாணியையும் கழற்றி மாற்றும்படி செய்யுங்கள். பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்பதை விற்கும் நாளன்றே பில்லில் எழுதிக் கொடுங்கள். கொக்கி உடைந்ததற்காக ஒரு நல்ல ஜிமிக்கி மறுபடி உருக்குக்குப் போக வேண்டாம்.