கோழிக்கூட்டுக்குள் பாம்பு நுழையாமல் காப்பது எப்படி?

கோழிக்கூட்டைப் பாம்பு தேடி வருவது முட்டைக்கும் குஞ்சுக்கும் மட்டுமன்று. சிந்திய தீவனத்தைத் தின்ன வரும் எலிகளும் அதை அங்கே இழுக்கின்றன. ஆகவே தீவனத்தை இறுக மூடிய தகர டப்பாவில் வைத்து, மாலையில் தரையைப் பெருக்கிவிடுவதே முதல் வேலை.

அடுத்தது வலை. கோழிவலை என்று விற்கப்படும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, பாம்பை வெளியே நிறுத்தாது. குட்டிப் பாம்புகளும் புக முடியாதபடி, சுமார் 6 மில்லிமீட்டர் கண் கொண்ட பற்றவைத்த கம்பிவலையைச் சுவர், காற்றுத்துளை, கூரை இடுக்கு என எல்லா இடத்திலும் அடித்து, அடிப்பகுதியை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணில் புதைக்க வேண்டும். கதவின் கீழ் இடைவெளியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், பாம்பு மறப்பதில்லை. நைலான் வலை வேண்டாம், அதில் பாம்பு சிக்கிக்கொண்டால் விடுவிப்பது ஆபத்து.

முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுங்கள். குஞ்சுகளையும் தாய்க்கோழியையும் இரவில் தனிப் பெட்டியில் அடையுங்கள். விறகுக் குவியலும் உயர்ந்த புல்லும் கூட்டருகே இருக்கக் கூடாது. அந்துருண்டை பாம்பை விரட்டாது, கோழிக்குத்தான் நஞ்சு.

முட்டைப் பெட்டிக்குள் கைவிடுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்பு தென்பட்டால் விலகி நின்று, பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளரை அழையுங்கள்.