டயாலிசிஸ் வரும் என்று தெரிந்த பிறகு செய்யக் கூடாதவை

சிறுநீரகம் செயலிழந்து வருகிறது என்று மருத்துவர் சொன்னதும், ரத்தத்திலிருந்து கழிவை நீக்கும் டயாலிசிஸை எப்படியாவது தள்ளிப்போடத்தான் பல குடும்பங்கள் பார்க்கின்றன. ஒருமுறை தொடங்கினால் நிறுத்தவே முடியாதாமே என்ற பயம். அந்தப் பயத்தில் விழுங்கும் பஸ்பமும், என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத சூரணமும் மிச்சமிருக்கும் செயல்திறனையும் கெடுத்துவிடக்கூடும். டயாலிசிஸ் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு வந்ததல்ல. கெட்ட பிறகு உயிரைத் தாங்குவது அதுதான்.

தவறுகளில் பெரியது, கடைசி நேரம்வரை காத்திருப்பது. நள்ளிரவில் மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்குக் கழுத்தில் ட்யூப் போட்டுத்தான் டயாலிசிஸ் செய்ய முடியும். ட்யூப் வழியே ரத்தத்தில் கிருமி சேரும் ஆபத்து அதிகம். முன்கூட்டியே திட்டமிட்டவருக்குக் கையில் ஃபிஸ்டுலா தயாராக இருக்கும். தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறிய அறுவை சிகிச்சை அது. ஆனால் ஊசி தாங்கும் அளவுக்கு ரத்தக்குழாய் தடிக்க 6 வாரம் முதல் 3 மாதம்வரை ஆகலாம். அதற்கும் முன்பே, எழுதாத கையின் ரத்தக்குழாய்களைக் காப்பாற்றி வையுங்கள். ரத்தம் எடுக்கவும் டிரிப்ஸ் ஏற்றவும் புறங்கையைப் பயன்படுத்தச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஃபிஸ்டுலா போட்ட கையில் பிபி பார்க்க விடாதீர்கள், அதைத் தலைக்கு வைத்துத் தூங்காதீர்கள். தினமும் காலையில் ஃபிஸ்டுலாவின்மேல் விரல் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். அதிர்வு நின்றிருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

டயாலிசிஸ் மையத்துக்குப் போவது ஒன்றே வழி என்று நினைப்பது அடுத்த தவறு. அங்கே பொதுவாக வாரம் 3 முறை, 4 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். கிராமத்தில் இருப்பவருக்குப் பஸ் பயணத்தோடு சேர்த்து முழு நாளும் போய்விடும். வீட்டிலேயே செய்யும் சிஏபிடி முறையில், வயிற்றில் பொருத்திய மென்குழாய் வழியே சுமார் 2 லிட்டர் திரவத்தை நாளுக்கு மூன்று நான்கு முறை மாற்றுகிறார்கள். ஒவ்வொரு முறைக்கும் அரை மணி நேரம்போல ஆகும். தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தத் திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. மருத்துவர் இதைப் பற்றிச் சொல்லவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள். வயிற்றில் ஏற்கெனவே பெரிய அறுவை சிகிச்சை நடந்திருந்தால் இது பொருந்தாமல் போகலாம். சுத்தத்தில் மட்டும் சலுகையே கிடையாது: கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பையைத் தொட வேண்டும். வெளிவரும் திரவம் அரிசி கழுவிய நீர்போல் கலங்கியிருந்தால், அந்தப் பையோடு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

'இன்று நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று ஒரு தடவை டயாலிசிஸைத் தவிர்ப்பதும், வெயிலுக்கு இளநீர் குடிப்பதும், சோடியம் குறைந்த உப்புக்கு மாறுவதும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தையே நிறுத்திவிடக்கூடியவை.

மாற்றுச் சிறுநீரகம் கடைசிப் படி அல்ல. தகுந்த கொடையாளர் இருந்தால் டயாலிசிஸ் தொடங்கும் முன்பே பொருத்தலாம். ரத்தப் பிரிவு ஒத்துவராத இரண்டு குடும்பங்கள் கொடையாளர்களைப் பரிமாறிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. உறவினரில் யாருமில்லையென்றால், மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காக மருத்துவமனை வழியே தாமதிக்காமல் பதிவு செய்யுங்கள். பொருத்திய பிறகு உடம்பு தேறிவிட்டது என்று நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தினால், உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரித்துவிடும்.

வேறு பல நோய்களாலும் தளர்ந்துபோன முதியவர்களுக்கு, டயாலிசிஸ் இல்லாமல் மூச்சுத்திணறலையும் அரிப்பையும் வலியையும் தணிக்கும் சிகிச்சையும் உண்டு. எது வேண்டும் என்பதை அவரிடமே கேட்க வேண்டும். பிள்ளைகள் வராந்தாவில் நின்று பேசி முடிவெடுத்துவிட்டு, படுக்கையில் இருப்பவரிடம் கையெழுத்து மட்டும் வாங்குவது இன்றும் நடக்கிறது.